பொய்க்கறி

விளாங்குடியில் எங்கள் தெரு முனையில் அசோக்குமார் கடை திறந்து ஒரு மாசம் கழித்து மாட்டிய போர்டைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சைவ மட்டன் சுக்கா, சைவக் குடல் குழம்பு, சைவ ஈரல் வறுவல் என்று பச்சைப் பெயிண்டில் வரிசையாக எழுதியிருந்தான். சுக்கா என்பது பிஞ்சுப் பலாக்காய். குடல் என்பது காளான். ஈரல் எதில் செய்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாலும் தயிரும் நெய்யும்கூட அந்தக் கடைக்குள் வராது. டீ கேட்டால் வரக்காப்பிதான் வரும். போர்டின் மூலையில் வீகன் என்றும் ஒரு சொல் இருந்தது. அதை முதலாளி பேர் என்று நினைத்து, "வீகன் அண்ணே இருக்காரா?" என்று கேட்டு வந்த ஆளை நானே பார்த்திருக்கிறேன்.

தெரு அதற்குப் பொய்க்கறிக் கடை என்று பேர் வைத்தது. பேர் வைத்த அதே வாய்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்சலுக்கும் வரிசையில் நின்றன. மதுரைக்காரன் நாக்கு அப்படி. நல்லெண்ணெயில் சோம்பும் மிளகும் வறுபடுகிற வாசனை தெருவுக்கு வந்துவிட்டால், கேலியெல்லாம் சட்டைப்பைக்குள் போய்விடும்.

அசோக்குமார் முன்பு கறிக்கோழி லோடு வண்டி ஓட்டியவன். ஒரு சித்திரையில் வண்டி நடுரோட்டில் நின்றுபோய், கூண்டுக்குள் இருந்த கோழிகள் அவன் கண்ணெதிரே வாயைப் பிளந்து பிளந்து செத்தன. அன்றைக்குக் கறியை விட்டவன். பிறகு முட்டையை விட்டான், பாலை விட்டான். அவன் மனைவி பாண்டீஸ்வரி அவனுடைய சொந்தத் தாய்மாமன் மகள். அவள் எதையும் விடவில்லை. அவன் எதிரே சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான். கடை அவள் யோசனை, போர்டு அவள் யோசனை, கைப்பக்குவமும் அவளுடையது.

போர்டை ஒப்புக்கொள்ளாதவர் ஒரே ஒருவர், அசோக்குமாரின் அப்பா காசிமாயன். திருமங்கலத்துக்கு மேற்கே அவர்கள் ஊர். விவசாயி. காய்கறி விற்க வரும் நாட்களில் ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கடைக்கு வருவார். இரண்டு தட்டு சுக்காவை ஒரு சொல் பேசாமல் தின்பார். கையைக் கழுவும்போதுதான் ஆரம்பிப்பார்.

"பதார்த்தத்துல ஒரு கொறையும் இல்ல. ஆனா அதுக்குன்னு ஒரு பேரு வைக்க ஒங்களுக்குத் துப்பில்லையா? எதுக்கு ஆட்டோட பேரைக் களவாங்குறீக?"

"மாமா, பலாக்காய் வறுவல்னு எழுதுனா எவன் திரும்பிப் பாப்பான்? சுக்கான்னு எழுதுனாத்தான் உள்ள வாரான்," என்பாள் பாண்டீஸ்வரி.

"வந்தவன்கிட்ட உள்ளதைச் சொல்லுறியா?"

"சைவம்னு போட்டுருக்குல்ல மாமா. அம்புட்டுப் பெருசாப் போட்டுருக்கு."

"என்னமோ போ. இம்புட்டு ருசியா ஆக்கிட்டு அதுக்கு ஒரு சொந்தப் பேரு இல்லாமப் பண்ணிட்டீக."

அசோக்குமார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பேருல என்னப்பா இருக்கு. எந்த உசுரும் சாகலேல்ல, அது போதும்," என்பான். அப்பனும் மகனும் அதற்கு மேல் சண்டை போட்டதில்லை. அவர் மகனைத் திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் வந்து இரண்டு தட்டு தின்றார்.

மாசிக் கடைசியில் காசிமாயன் செத்துப்போனார். வாய்க்காலில் மடை திருப்பக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒரே மகன் அசோக்குமார் கொள்ளி வைத்தான்.

அழுகை ஓய்ந்த பிறகு வந்தது பிரச்சினை.

அவர்கள் பக்கத்து வழக்கம் இது. கருமாதிக்கு மறுநாள், செத்தவரின் மனைவிக்குப் பிறந்த வீட்டார் கிடாய் கொண்டுவந்து அறுத்துச் சோறாக்கிப் போட வேண்டும். அதுவரை பங்காளி வீடுகள் எதிலும் கறி இல்லை, நல்ல காரியப் பேச்சு இல்லை. பந்தியில் எல்லா இலையிலும் பரிமாறிய பிறகும் யாரும் கைவைக்க மாட்டார்கள். கொள்ளி வைத்தவன் இலையில் தாய்மாமன் தன் கையால் ஒரு ஈரல் துண்டை வைப்பார். அவன் சாப்பிட வேண்டும். "கறி சாப்பிட்டாச்சா?" என்று மாமன் சபையில் கேட்பார். "சாப்பிட்டாச்சு" என்று அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை இலைக்குப் போகும். புருஷனை இழந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சேலை கிடைத்து அவள் வெளியே வருவதும் அதற்குப் பிறகுதான். அந்த ஒரு வார்த்தையில்தான் துக்கம் கழிகிறது.

கேட்க வேண்டிய மாமன் பால்பாண்டி. அசோக்குமாரின் அம்மா முத்துத்தாய்க்கு ஒரே தம்பி, பாண்டீஸ்வரிக்கு அப்பா. கோபம் வந்தால் கத்துகிற ஆள் என்றால் சமாளித்துவிடலாம். இவர் எழுந்து போகிற ஆள். போனால் திரும்பி வராத ஆள்.

நான் பக்கத்து வீட்டுக்காரன் என்பதைவிட, கார் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அந்தக் குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதிலும் இருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. சனி ஞாயிறு சும்மாதான் இருப்பேன். கருமாதி அன்றும் அவர்களை ஊரில் கொண்டுபோய் விட்டவன், சாயங்காலம் வரை பந்தலிலேயே இருந்தேன். வேப்பமரத்தடியில் கிடாய் கட்டிக் கிடந்தது. நல்ல கருங்கிடாய். பால்பாண்டி மினி லாரியில் தானே பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்தது. காற்று அசையவில்லை. பந்தல் தகரத்திலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது.

காசிமாயனின் அண்ணன் மகன் கருப்பு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், நாளைக்கு இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"தவக்காலம் கருப்பு. ஈஸ்டர் வரைக்கும் நான் கறி தொடுறதில்ல."

எதிரே உட்கார்ந்திருந்த பால்பாண்டி கேட்டுவிட்டு உடனே சமையல்காரர் பக்கம் திரும்பினார். "யப்பா, லூர்துராஜ் சாருக்கு விரதமாம். அவருக்குத் தனியா ஒரு சட்டியில சாம்பார் வச்சுரு. கறிக் கரண்டிய அதுல போட்டுறாத."

ஒரு மூச்சில் என் காரியம் முடிந்துவிட்டது. எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் நாற்பது நாள் விரதக்காரன். அசோக்குமார் ஐந்து வருஷமாகத் தொடாதவன். அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சாம்பார் வைக்க யாரும் சொல்லவில்லை.

பால்பாண்டியே பேச்சை எடுத்தார். "மாப்ள, நீ இதெல்லாம் தொடுறதில்லைன்னு தெரியும். நான் ஒண்ணும் கேட்டதில்ல. எம்மகளைக் கட்டிக் குடுத்துருக்கேன், எங்க வீட்டுக்கு வந்தா வெறும் ரசத்தை ஊத்தித் தின்னுட்டுப் போற. அப்பவும் கேக்கல. நாளைக்கு அப்பிடி இல்ல."

"மாமா, ஒங்களை மதிக்காம இல்ல..."

"இரு. சாருக்குச் சாமிக்கு விரதம். சரி. சுகர், பிரசர்னு டாக்டர் வேணாமுன்னாரா? அதுவும் சரி. ஒனக்கு எதுக்குன்னு எவனுக்காச்சும் தெரியுமா?"

"ஆட்டுக்குத்தான் மாமா."

பந்தலில் ரெண்டு பேர் சிரித்தார்கள். பால்பாண்டி சிரிக்கவில்லை. "ஆட்டுக்கு," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஒங்கப்பனுக்காக நான் கொண்டுவந்த ஆடு அது. சபையில கேப்பேன். நீ இல்லைன்னு சொல்லிட்டா, அந்தச் சேலையை நான் எங்கக்கா கையில குடுக்க முடியாது. இந்த வாசல்ல பெறகு எனக்கு வேலை இல்ல. அம்புட்டுத்தான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிடாய்க்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

உள்ளே மூலை அறையில் முத்துத்தாய்க்கு எல்லாம் கேட்டிருக்கிறது. மகனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தனியாகப் போகப் பயம். நான் அறை வாசலில் நின்றேன். பழைய பாயில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். பதினைந்து நாளில் பாதியாகியிருந்தாள்.

"உக்காருடா. மேலவீட்டுச் சீனியம்மாளைத் தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்."

"அவ புருசன் செத்தப்ப இதே மாதிரிப் பந்தியில வாக்குவாதம். அண்ணங்காரன் எந்திரிச்சுப் போனான். பெறகு ஒரு நல்லதுக்கும் வரல. அவ செத்தன்னைக்கு, பொணத்தை நடுவீட்டுல போட்டுட்டு நாங்க பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம். பெறந்த வீட்டுக் கோடிச்சேலை வரவே இல்ல. பொழுது எறங்கிருச்சுன்னு கடையில வாங்கியாந்த சேலையைப் போத்தித் தூக்கிட்டுப் போனாக. நான் கூடப் போயி மாரடிச்சவ. எனக்கு அந்தக் கதி வரணுமா?"

"ஏம்மா இப்பவே அதைப் பேசுற."

"இப்பப் பேசாம எப்பப் பேசுறது? நாளைக்கு இன்னேரம் எல்லாம் முடிஞ்சு போயிரும். எனக்கு இருக்கது ஒரு தம்பி. ஒரே துண்டு, நாக்குல வச்சு முழுங்கிரு. மருந்துன்னு நெனச்சுக்க."

"முடியலம்மா. மனசு இருந்தாலும் தொண்டைக்குள்ள எறங்காது. சபையில வாந்தி எடுத்தா அது அதைவிட அசிங்கம்."

அவள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

கதவோரம் காப்பித் தம்ளரோடு வந்து நின்ற பாண்டீஸ்வரிதான் அதைச் சொன்னாள். "நான் ஒண்ணு சொல்லுறேன், ரெண்டு பேரும் கேளுங்க. காலையில நானும் சாரும் கடைக்குப் போயி நம்ம சுக்காவைச் செஞ்சு தூக்குச்சட்டியில கொண்டாந்துருவோம். பந்தியில நானே மச்சான் இலையில வச்சிருறேன். கறுப்பா, மிளகோட, பாக்க அதே மாதிரித்தான் இருக்கும். அப்பா வைக்கிற துண்டைச் சோத்துக்குள்ள தள்ளிருங்க. நம்மளதைத் தின்னுங்க. கேட்டா, சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க."

"அது பொய்யில்லையாடி?" என்றான் அசோக்குமார்.

"நம்ம போர்டுல எழுதியிருக்கது பொய்யா?"

அவன் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பேருல என்ன இருக்கு, பேருல என்ன இருக்குன்னு மாமா கேக்கும்போதெல்லாம் சொன்னது யாரு? தெனமும் நூறு பேருக்கு மட்டன் சுக்கான்னு சொல்லி வைக்கிறோம். நாளைக்கு நூத்தி ஒண்ணாவதா ஒங்களுக்கு வைக்கிறேன். அத்தைக்காகச் சொல்லுங்க."

முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பிடியோ போகட்டும். வார்த்தை வந்தாப் போதும் எனக்கு." மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவன் தலையாட்டும்வரை விடவில்லை.

விடிந்ததும் நாங்கள் கடையில் இருந்தோம். சிறுமலைப் பிஞ்சுப் பலா மூன்று கிடந்தது. பாண்டீஸ்வரி கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்தாள். தடவாவிட்டால் காயின் பால் ஒட்டிக்கொண்டு விடாது. முள்தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்து, துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தாள். வெந்ததை முறத்தில் கொட்டி, சூடு தணியும் முன்பே நார் நாராகப் பிய்த்தாள். பிறகு அதைப் பார்த்தால் பலாக்காய் என்று நானே சொல்ல மாட்டேன். என்னைச் சின்ன வெங்காயம் உரிக்க வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வடிய நான் கேட்டேன்.

"ஏம்மா, மாமனார் சொன்னதுலயும் ஒரு ஞாயம் இருக்குல்ல? இதுக்கு ஒரு பேரு வச்சா என்ன?"

"வச்சேனே சார். மொத மாசம் பலாக்காய் வறுவல்னுதான் எழுதிப் போட்டேன். ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். பச்சைக் காய் தின்னுறவன் வீட்டுலயே தின்னுக்குவான். எனக்கு வேண்டியது கறி தின்னுறவன். அவனைக் கூப்பிடணும்னா அவன் நாக்குக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லித்தான கூப்பிட முடியும்?"

"வந்த பெறகு ஏமாந்துட்டோம்னு நெனைக்க மாட்டானா?"

"ஒருத்தன் சொல்லியிருக்கானா? தின்னுட்டுச் சிரிச்சுக்கிட்டுப் போறான்." இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்தது. சோம்பைப் போட்டாள். "ஒங்களையே கேக்குறேன். தவக்காலத்துல கறி இல்லைங்கிறீங்க. வெள்ளிக்கிழமை ஒங்க வீட்டுல மீன் கொழம்பு மணக்குது. மீனு கறியில்லையா சார்?"

இதற்குப் பதில் என் மனைவி சகாயமேரியிடம் இருக்கும். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்த முகம் உடனே வாடிவிட்டது. பலாக்காயைச் சட்டியில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தவள், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கடையில எம்புட்டோ பேசுவேன் சார். எங்கப்பா மொகத்துக்கு நேரா நான் ஒரு பொய் சொன்னதில்ல."

இரண்டு அடுக்குத் தூக்கில் அடைத்து, காரின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கார் முழுக்க சுக்கா வாசனை. எனக்குப் பசியும் பயமும் சேர்ந்து வந்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிடாயை அறுத்து, உரித்து, அண்டாவில் ஏற்றியிருந்தார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாசனைக்கு முன் என் தவக்காலம் கொஞ்சம் ஆடிப்போனது. விறகு அடுப்பு மூன்று எரிந்தது. அண்டாவைக் கிளறியவர் முதுகில் வேர்வை வாய்க்காலாக ஓடியது. பால்பாண்டி அடுப்படியை விட்டு நகராமல் உப்புப் பார்த்து, காரம் பார்த்து, "எங்கத்தானுக்குக் காரம் தூக்கலா இருக்கணும்," என்று இன்னும் ரெண்டு கரண்டி மிளகுத்தூளைப் போடச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. சம்பிரதாயத்துக்குச் சமைக்கிற மனிதர் இல்லை அவர். அது தெரிந்ததும் எனக்குத் தூக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பந்தியில் ஆம்பளைகள் மட்டும் நாற்பது பேர் இருப்பார்கள். வரிசையின் முதல் இலை அசோக்குமாருடையது. மொட்டைத் தலை, ஈரவேட்டி. நான் சாம்பார்க்காரன் என்பதால் வரிசைக் கடைசியில் தூணோரம் உட்கார்ந்தேன். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் மறைத்த கிண்ணத்தோடு வந்து, கணவன் இலையில் சுக்காவை வைத்துவிட்டுச் சட்டென்று கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கறி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நாற்பது கைகள் இலைக்கு மேலே காத்திருந்தன. பால்பாண்டி ஈரலைக் கையில் எடுத்து வந்து குனிந்து மாப்பிள்ளையின் சோற்றின் மேல் வைத்தார்.

"சாப்பிடு மாப்ள."

அசோக்குமார் ஈரலைத் தொடவில்லை. சோற்றை இழுத்து மூடவும் இல்லை. அதன் பக்கத்தில் இருந்த பலாக்காயை எடுத்து வாயில் போட்டு மென்றான். மெதுவாக மென்றான். முழுங்கினான்.

"கறி சாப்பிட்டாச்சா?"

ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் மூலை அறையின் இருட்டில் முத்துத்தாயின் முகம் தெரிந்தது. பாண்டீஸ்வரி நிலைக்கதவை இறுகப் பிடித்திருந்தாள். சொல்லித் தொலையேன்டா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"மாப்ள, கேக்குறேன்ல. கறி சாப்பிட்டாச்சா?"

"இல்ல மாமா," என்றான் அசோக்குமார். "நான் தின்னது பலாக்காய்."

பால்பாண்டி குனிந்து இலையைப் பார்த்தார். ஒரு நாரை விரலால் எடுத்து நசுக்கினார். "இதைத்தான ஒங்க கடையில மட்டன்னு போட்டு விக்கிறீக?"

"ஆமா மாமா."

"அதை இங்க கொண்டாந்து, எங்கிட்டக் கறின்னு சொல்லப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. முடியல." "கடைக்கு வாரவன் போர்டைப் படிச்சுட்டு வாரான். அது கறி இல்லைன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு சொல்லிக்கிற பேரு அது. இங்க எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது. எங்கப்பாவை அப்பிடி அனுப்ப எனக்கு வாய் வரல."

"நான்தாம்ப்பா செஞ்சு கொண்டாந்தேன். அவரு வேணாம்னாரு," என்று பாண்டீஸ்வரி ஓடி வந்தாள்.

பால்பாண்டி மகளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அடிபட்ட பார்வை. "நீயுமாத்தா," என்று மட்டும் கேட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பந்தல் காலில் தொங்கிய பையை, சேலை இருந்த பையை எடுத்துக்கொண்டார். நடந்தார்.

கருப்பு பந்தியிலிருந்து எழுந்து கத்தினான். "டேய் அசோக்கு, ஒரு வார்த்தைடா! ஒரே வார்த்தை! சொன்னா என்னடா கொறைஞ்சு போவ? அடுத்த வாரம் எம்மகளுக்குப் பூ வைக்க வாராக. துக்க வீட்டுக்கு எவன் வருவான்? மாமா, நில்லுங்க மாமா, சின்னப்பய புத்தியில சொல்லிட்டான்."

"சின்னப்பய இல்லப்பா. வெவரமாத்தான் சொன்னான்," என்றார் பால்பாண்டி. நிற்கவில்லை. அசோக்குமார் இலைக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து மாமன் காலில் விழுவானோ என்று பார்த்தேன். விழவில்லை. எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அதே நேரம் அவனை விட்டுக்கொடுக்கவும் மனசு இல்லை.

அப்போதுதான் மூலை அறைக் கதவு முழுக்கத் திறந்தது.

"ஆத்தி, சேலை வாங்காம வெளிய வாராளே," என்று பெண்கள் பக்கம் குரல் எழும்பியது. முத்துத்தாய் யாரையும் பார்க்கவில்லை. இத்தனை நாள் உட்கார்ந்து கால் மரத்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஆம்பளைகள் பந்தியின் நடுவே நடந்து, மகன் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"டேய் பாண்டி. நில்லுடா."

பந்தல் ஓரத்தில் அவர் நின்றார். திரும்பவில்லை.

முத்துத்தாய் மகன் இலையிலிருந்து அந்த ஈரல் துண்டை எடுத்தாள். எல்லோரும் பார்க்க வாயில் வைத்தாள். உலர்ந்துபோன வாய். மென்று முழுங்கச் சிரமப்பட்டாள். அசோக்குமார் தண்ணீர்த் தம்ளரை நீட்டினான். வாங்கவில்லை. முழுங்கியபின் பலாக்காயைக் கை நிறைய எடுத்தாள். அதையும் தின்றாள்.

"கேளுடா," என்றாள்.

"என்னத்தக்கா கேக்கச் சொல்ற?" அவர் இன்னும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். "கொள்ளி வச்சவன்கிட்டத்தான் கேக்கணும்."

"கொள்ளி அவன் வச்சான். கூடப் படுத்து எந்திரிச்சு முப்பத்தாறு வருசம் சோறாக்கிப் போட்டவ நானு. இந்த வீட்டுத் துக்கம் என்னுது. என்னையக் கேளு."

யாரோ ஒரு பெரியவர், "வழக்கம் இல்லையே தாயி," என்று இழுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்பாண்டி திரும்பினார். பையை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கறி... சாப்பிட்டாச்சாக்கா?"

"சாப்பிட்டேன்டா. இது கறி, நீ கொண்டாந்தது. இது பலாக்காய், ஒம்மக செஞ்சது. ரெண்டையும் தின்னுட்டேன். ரெண்டும் நல்லாத்தான்டா இருக்கு. அவுகளைத்தான் காணோம்."

சொல்லிவிட்டு இலைக்கு முன்னாலேயே ஓங்கி அழுதாள். அந்த வீட்டில் இத்தனை நாள் அழுதது வேறு, இது வேறு. பால்பாண்டி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அக்காவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவரும் குழந்தை மாதிரி அழுதார். கருப்புதான் பையை எடுத்து வந்து அவர் கையில் திணித்தான். அவர் சேலையைப் பிரித்து அக்காவின் தோளில் போர்த்தினார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்ற மகளிடம் கையை நீட்டினார். அவள் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

"என்ன இது?"

"பலாக்காய்ப்பா," என்றாள் பாண்டீஸ்வரி. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

அவர் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மாப்பிள்ளையின் இலையில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனிடம் அன்றைக்கு வேறு எதுவும் பேசவும் இல்லை. பந்தியைப் பார்த்து, "சாப்பிடுங்கப்பா, ஆறுது," என்றார். நாற்பது கைகளும் இலைக்குப் போயின.

முத்துத்தாய் புதுச்சேலையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பந்தியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மருமகளைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் ஒரு இலை போடு ஆத்தா. பசிக்குது."